முள்முருக்கு நகரத்தில் நம்மவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

இரத்தினபுரியிலிருந்து கல் எடுத்துக்கொண்டு ஹொங்கொங், குவாங்சோ என்று போய் வருகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். போய் இறங்கியதும் தேடுவது நான்கு விஷயம்: தங்குமிடம், பதிவுத் தாள், நம்பி காசு கொடுக்கக்கூடிய ஓர் ஆள், ஜும்ஆவுக்கு ஒரு பள்ளிவாசல். இது நம் தலைமுறையில் தொடங்கிய பயணம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் எழுநூறு வருடங்களுக்கு முன் சீனக் கரையில் குடியிருந்து தொழில் செய்த வெளிநாட்டவர்களும் இதே நான்கையும்தான் தேடினார்கள். அதற்கு அரபியிலும் சான்று இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது.

ஊரின் பெயர் சுவான்சோ. இன்றைய பூஜியன் மாகாணத்துத் துறைமுகம். அரபிகள் அதை ஸைத்தூன் என்று அழைத்தார்கள். ஸைத்தூன் என்றால் ஒலிவம். ஆனால் அந்த ஊரில் ஒலிவ மரமே கிடையாது என்று அங்கு போன இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். ஊரைச் சுற்றி நட்டிருந்த 'சிதோங்' என்ற மரத்தின் பெயர்தான் அரபி நாக்கில் அப்படித் திரிந்தது. சிதோங் வேறொன்றுமில்லை, நமது முள்முருக்குத்தான். சிங்களத்தில் எரபது. கேகாலைப் பக்கத்தில் மிளகுக்கொடி ஏறுவதற்கு நட்டு வைப்பார்களே, அதேதான். தேயிலை மலைகளில் நிழலுக்கு வைத்த டடப் மரமும் இதே குடும்பம். பொருத்தம் பாருங்கள், முள்முருக்கில் ஏறிய மிளகு கப்பலேறிப் போய் இறங்கியது முள்முருக்கு நகரத்தில். அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் இந்த ஊருக்கு நூறு கப்பல் வருகிறது என்றார் மார்க்கோ போலோ. அவர் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் 1974 இல் சுவான்சோ விரிகுடாச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த 13 ஆம் நூற்றாண்டுக் கப்பலுக்குள் மிளகும் பாக்கும் சோழியும் வாசனைக் கட்டைகளும் இருந்தன.

வெளிநாட்டுக் கப்பல்களைப் பதிந்து தீர்வை வாங்க 1087 இலேயே அங்கே அரச அலுவலகம் திறந்துவிட்டார்கள். அதற்கும் முன்பே பள்ளிவாசல் வந்துவிட்டது. இன்றும் கல்வாசலோடு நிற்கும் அஸ்ஹாப் பள்ளி, ஹிஜ்ரி 400 இல், அதாவது 1009 அளவில் கட்டப்பட்டதாகவும் ஹிஜ்ரி 710 இல் ஷீராஸ்காரர் ஒருவர் அதைத் திருத்திக் கட்டியதாகவும் அதன் சுவரிலுள்ள அரபிக் கல்வெட்டே சொல்கிறது.

இனித் தமிழ்ச் சான்று. 1956 இல் அங்கே ஒரு கல் கிடைத்தது. சக வருடம் 1203, சித்திரை மாதம், அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர் அந்த ஊரில் சிவனைப் பிரதிட்டை செய்த செய்தியைத் தமிழில் வெட்டியிருக்கிறார்கள். அடியில் ஒரு வரி சீன எழுத்து. யாருடைய உத்தரவுப்படி என்பதையும் அந்தக் கல் சொல்கிறது: செகசை கானின் 'பறுமான்'படி. அந்த அரசர் குப்லாய் கான் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. பறுமான் என்பது பாரசீகச் சொல். நம் வீடுகளில் பெரியவர்கள் வாயில் இன்னமும் வருகிற ஃபர்மான். சைவர் ஒருவர், சீன மண்ணில், மங்கோலிய அரசர் தந்த அனுமதியை, முஸ்லிம் வியாபாரிகள் புழங்கிய சொல்லால், தமிழில் எழுதுகிறார். மதத்துக்கொரு மொழி என்று நம் ஊரில் இன்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு கல்லைக் காட்டினால் போதும்.

அரபிச் சான்று தருகிறவர் நமக்குத் தெரிந்த ஆள். 1344 இல் புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் கொடுத்த பல்லக்கோடும் யோகிகளோடும் நம் சபரகமுவ மலைகளுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய அதே இப்னு பதூதா. நம் மாணிக்கங்களைப் பற்றியும், வெள்ளை யானையின் நெற்றியில் கோழி முட்டையை விடப் பெரிய கற்களைக் கண்டது பற்றியும் எழுதியவர். ஓரிரு வருடத்தில் அவர் ஸைத்தூனில் இறங்கினார். சீனாவின் வடக்கே எவ்வளவு தூரம் போனார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இழுபறி உண்டு. நமக்குத் தேவையானது, வெளிநாட்டவரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதியது.

கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் ஆட்களையும் சரக்கையும் எழுதிக்கொள்வார்கள். மறைத்த சரக்குப் பிடிபட்டால் கப்பலே பறிபோகும். இறங்குகிற முஸ்லிம் வியாபாரியிடம் கேட்பார்கள்: இங்கே குடியிருக்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவருடைய வீட்டில் தங்குகிறீரா, சத்திரத்தில் தங்குகிறீரா? வீட்டில் என்றால் அவருடைய பணத்தையெல்லாம் எண்ணி வீட்டுக்காரர் பொறுப்பில் விடுவார்கள். செலவு அதிலிருந்து போகும். புறப்படும்போது குறைந்தால் வீட்டுக்காரர் ஈடுகட்ட வேண்டும். இதற்கு ஒரு காரணமும் சொன்னார்களாம்: எங்கள் நாட்டுக்குப் போய் முஸ்லிம்கள் காசை இழந்தார்கள் என்ற பேச்சு வெளியே வரக் கூடாது. பாதையில் தங்குகிற சத்திரங்களில் இரவு அதிகாரி வந்து ஒவ்வொரு பெயராக எழுதிக் கதவைப் பூட்டுவார். காலையில் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்து, அடுத்த ஊர் வரை ஆள் கூட்டி அனுப்புவார். வந்தவர்களின் முகத்தை அவர்களுக்கே தெரியாமல் வரைந்து சுவரில் ஒட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிற நமக்கு இதெல்லாம் புரியாததல்ல.

முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதி, பள்ளிவாசல், வழக்குத் தீர்க்கக் காழி. ஸைத்தூனின் காழி தாஜுத்தீன் அர்தபீலி. இந்தியாவுக்கு வந்த புதிதில் தனக்குக் கடன் கொடுத்த ஷரஃபுத்தீன் தப்ரீஸியையும் அங்கே கண்டாராம். கடல்கடந்த கடன்காரனும் கடன் கொடுத்தவனும் சந்திக்கிற இடம்! தூரத்திலிருந்து ஒரு முஸ்லிம் வந்தால் அங்குள்ளவர்கள் தங்கள் ஸகாத்தையே அவருக்குக் கொடுத்து நிமிர்த்திவிடுவார்களாம். இவ்வளவு இருந்தும் அந்த ஊர் மனதுக்கு ஒட்டவில்லை, தேவையில்லாமல் வெளியே போவதில்லை, ஒரு முஸ்லிமைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டது போலிருந்தது என்கிறார். வளைகுடாவில் அறையெடுத்து இருந்துவிட்டு வந்த நம் சகோதரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, 'சீனாவில் நம்மவர் கொடிகட்டிப் பறந்த காலம்' என்று பெருமைப் பதிவு போடுவது எளிது. அப்படிப் பல பதிவுகள் சுற்றுகின்றன. மீதிக் கதையையும் பார்க்க வேண்டும்.

பு ஷோகெங் என்ற முஸ்லிம் வம்சத்தவர் சொங் அரசின் கீழ் கடல் வணிக அதிகாரியாக உயர்ந்தார். மங்கோலியர் வந்ததும் பக்கம் மாறினார். ஊரிலிருந்த சொங் அரச குடும்பத்தார் அவர் காலத்தில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு மங்கோலிய ஆட்சியில் வெளிநாட்டவர் உள்ளூர்ச் சீனர்களுக்கு மேல்படியில் வைக்கப்பட்டார்கள். வரி வாங்குகிறவர் வெளியாள், வரி கட்டுகிறவர் ஊராள். அந்தக் கசப்பு உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது. 1357 இல் பாரசீகக் காவற்படை அரசுக்கெதிராகக் கிளம்பி ஊரைப் பிடித்தது. பிறகு அவர்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். 1366 இல் சீனத் தளபதி சென் யூடிங்கின் படை ஊருக்குள் வந்தது. கதவுகளை அடைத்து வெளிநாட்டவரைக் கொன்றதாகவும், மூக்கு உயர்ந்திருந்த காரணத்தால் சீனர்கள் சிலர்கூடத் தப்பவில்லை என்றும் ஒரு குடும்பத்தின் வம்ச ஏடு சொல்கிறது. கலகம் செய்தவர்கள் ஒரு படையினர். செத்தவர்களில் கடை வைத்திருந்தவர் எத்தனை பேர், ஓதிக்கொடுத்தவர் எத்தனை பேர்?

1948 குடியுரிமைச் சட்டத்தில் ஒரே நாளில் வெளியாளாக்கப்பட்ட தோட்டத்து மக்களோடு ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம் நாம். 1915 இன் கலவரத்தில் கேகாலையில் நம் கடைகளுக்கு நேர்ந்ததும் கேட்டறிந்ததுதான். ஆகவே இதை வெறும் சீனக் கதையாக வாசிக்க நம்மால் முடிவதில்லை.

எஞ்சியவர்கள் என்ன ஆனார்கள்? கரையோரக் கிராமங்களுக்குப் போய்ச் சீனப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சென்டாய் ஊரின் திங் குடும்பத்தார், ஷம்சுத்தீன் என்ற பெயரின் கடைசித் துண்டுதான் தங்கள் 'திங்' என்பார்கள். தலைமுறைகள் போகத் தொழுகை விட்டுப்போயிற்று. முன்னோருக்குப் படைக்கும் உணவில் பன்றி இறைச்சி வைக்காத வழக்கம் மட்டும் நின்றது. 1979 இல் அரசு அவர்களை முஸ்லிம் வழிவந்த ஹூய் இனத்தவராக ஏற்றது. தமிழர் கட்டிய கோயிலும் போயிற்று. அதன் தூண்கள் காய்யுவான் பௌத்த விகாரையில் நிற்கின்றன, நரசிம்மரும் கண்ணனும் செதுக்கியபடி. பக்கத்துச் சிடியன் கிராமத்தில் ஓர் இந்துச் சிற்பத்தை ஊர்மக்கள் குவான்யின் தாயாக எண்ணி ஊதுபத்தி கொளுத்துகிறார்கள்.

திரும்பிப் பார்த்தால் சீனர்களும் நம் கரைக்கு வந்திருக்கிறார்கள். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தளபதி செங் ஹோ கொண்டுவந்த 1409 ஆம் வருடக் கல்வெட்டு 1911 இல் காலியில் கிடைத்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்குமாக ஏறக்குறைய ஒரே அளவு காணிக்கை அதில் எழுதப்பட்டிருக்கிறது. கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சுற்றுலா போகும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதிகம் தேய்ந்திருப்பது பாரசீகப் பகுதி.

அண்மைக் காலத்திலும் வந்தார்கள். ஷான்டோங் போன்ற இடங்களிலிருந்து வந்து, சைக்கிளின் பின்னால் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்ற சீனர்கள். பல் கட்டிக் கொடுத்த சீனர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்குள்ள பள்ளிக்கூடங்களில் படித்து, 2008 இல் தனிச் சட்டம் வரும்வரை எந்த நாட்டுக் குடிமக்களாகவும் இல்லாமல் இருந்தார்கள். நம் பகுதிகளில் அவர்களிடம் துணி வாங்கிய, கடனுக்கு வாங்கிப் பிறகு கொடுத்த உம்மாமார், பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், அவர் என்ன மொழியில் பேசினார், எங்கே படுத்தார் என்று நினைவிருப்பதைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பியில் தொகுத்து வைக்கிறோம்.