கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் பொறி

கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் பொறி என்பது, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்மின்ஸ் நிறுவனத்தின் பி வரிசைப் பொறிகளுள் ஒன்று ஆகும். ஆறு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த இப்பொறி 1989 முதல் 2007 வரை டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகளில் பொருத்தப்பட்டது. பின்புறம் திறந்த சரக்குத் தட்டைக் கொண்ட சிறிய சரக்குந்தே பிக்கப் எனப்படுகிறது. பிக்கப் பொறிகளுள் மிக நீண்ட காலம் உழைப்பது எது என்ற விவாதம் வட அமெரிக்காவில் எழும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் பெயர்களுள் இதுவும் ஒன்று. அவ்விவாதத்தில் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடும் நீடித்துழைப்பு, நம்பகத்தன்மை ஆகிய இரு பண்புகளைப் பிரித்துப் பார்ப்பதற்கும் இப்பொறி நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

வரலாறு

பி வரிசைப் பொறிகள் பிக்கப் வண்டிகளுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. வேளாண் பொறிகளையும் மண்வெட்டும் பொறிகளையும் தயாரித்த ஜே. ஐ. கேஸ் நிறுவனத்துடன் கம்மின்ஸ் இணைந்து இவற்றை உருவாக்கியது. இதற்கென வட கரோலினா மாநிலத்தில் கூட்டுத் தொழிற்சாலை ஒன்று அமைக்கப்பட்டு, 1980களின் முற்பகுதியில் உற்பத்தி தொடங்கியது. நாள் முழுவதும் முழுச்சுமையில், தூசியில், ஒரே வேகத்தில் ஓட வேண்டிய பொறியாகவே இது கருதப்பட்டது.

அக்காலத்தில் அமெரிக்க மக்களிடையே டீசல் பொறிக்கு நற்பெயர் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசல் பொறி இதற்கு ஒரு முக்கியக் காரணம். பெட்ரோல் பொறியின் அளவுகளை ஒட்டியே அது வடிவமைக்கப்பட்டதால், உருளைத் தலையை இறுக்கும் போல்ட்டுகள் டீசலின் உயர் அழுத்தத்தைத் தாங்கவில்லை. எரிபொருளிலிருந்து நீரைப் பிரிக்கும் அமைப்பும் அதில் இல்லை. இதனால் பம்புகள் துருப்பிடித்தன. 1985உடன் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இப்பின்னணியில் டாட்ஜ் நிறுவனம் தன் பழைய வடிவ பிக்கப்பில் கம்மின்ஸ் பொறியைப் பொருத்தி 1989ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்டது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகியவற்றின் அன்றைய டீசல் பிக்கப்புகள் டர்போ இல்லாத, மறைமுக எரிபொருள் செலுத்தல் கொண்ட வி-8 பொறிகளைப் பயன்படுத்தின. கம்மின்ஸ் பொறியோ டர்போவும் நேரடி எரிபொருள் செலுத்தலும் கொண்டிருந்தது. அதன் திறன் 160 குதிரைத்திறன். முறுக்குவிசை 542 நியூட்டன் மீட்டர்.

அமைப்பு

உருளையின் விட்டம் 102 மிமீ, பிஸ்டனின் வீச்சு 120 மிமீ. பொறியின் உடலும் உருளைத் தலையும் வார்ப்பிரும்பால் ஆனவை. கேம் தண்டைச் சுழற்றப் பட்டையோ சங்கிலியோ கிடையாது. பற்சக்கரங்களே அதனைச் சுழற்றுகின்றன. குளிர்நீர் பம்பின் கூடும் எண்ணெய்க் குளிர்விப்பானின் அறையும் பொறியின் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதால், கசியக்கூடிய இணைப்புகள் குறைவு.

இதன் நீடித்துழைப்புக்குக் காரணங்களாகப் பலவற்றைக் கூறுவர். அவற்றுள் இரண்டை எளிய கணக்கில் சரிபார்க்கலாம். வி-8 பொறியில் எட்டு உருளைகளின் விசையையும் ஐந்து முதன்மைப் பேரிங்குகள் தாங்குகின்றன. கிராங்க் தண்டின் ஒவ்வொரு முளையிலும் இரு இணைப்புத் தண்டுகள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இங்கோ ஆறு உருளைகளுக்கு ஏழு முதன்மைப் பேரிங்குகள்; ஒவ்வோர் இணைப்புத் தண்டுக்கும் தனி முளை. இரண்டாவது, வேகம். உச்சத் திறன் தரும் நிமிடத்திற்கு 2,500 சுற்றுகளில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 10 மீட்டர். 92 மிமீ வீச்சுடைய ஒரு பெட்ரோல் வி-8 பொறி 5,500 சுற்றுகளில் உச்சத் திறன் தருமாயின், அதன் பிஸ்டன் வேகம் ஏறத்தாழ 17 மீட்டர். பிஸ்டனின் மீது செயற்படும் நிலைம விசை சுற்றுவேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், இவ்வேறுபாடு தேய்மானத்தில் பெரிதாக வெளிப்படுகிறது.

இதன் உருளைகள் பொறியின் உடலிலேயே நேரடியாகக் குடையப்பட்டவை. பெரிய சரக்குந்துப் பொறிகளில் உள்ளதைப் போல் கழற்றி மாற்றக்கூடிய உறைகள் இதில் இல்லை. எனவே பெரிய பொறிகளுடன் ஒப்பிடுகையில் இதனைப் புதுப்பிப்பது கடினம் என்பது நியாயமான விமர்சனமே.

எரிபொருள் பம்பின் மாற்றங்கள்

பொறியின் அடிப்படை அதிகம் மாறவில்லை. மாறியது எரிபொருள் செலுத்தும் முறையே. 1993 வரை போஷ் நிறுவனத்தின் சுழல் வகைப் பம்பும், 1994 முதல் 1998 வரை பி7100 என்னும் வரிசைப் பம்பும் பயன்படுத்தப்பட்டன. பி7100 முற்றிலும் இயந்திர முறையில் இயங்குவது. பொறி எண்ணெயாலேயே மசகிடப்படுவது. மின்னணுக் கட்டுப்பாடு ஏதுமின்றி ஓடுவதால், 12 வால்வுகள் கொண்ட இவ்வாண்டுகளின் பொறிகளுக்கே பழைய வண்டிச் சந்தையில் மதிப்பு அதிகம்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால் 1998இன் நடுப்பகுதியில் 24 வால்வுகளும் மின்னணுக் கட்டுப்பாடும் கொண்ட வடிவம் வந்தது. அதிலிருந்த விபி44 பம்பு தன்னுள் பாயும் டீசலாலேயே குளிர்ந்து மசகு பெறுவது. தொட்டியிலிருந்து டீசலை ஏற்றித் தரும் சிறு பம்பு தளர்ந்துவிட்டால், ஓட்டுநர் அறியாமலேயே விபி44 பழுதாகிவிடும். 2003இல் பொது அழுத்தக் குழாய் முறை இதற்கு மாற்றாக வந்தது. 2004க்குப் பின் திறன் 325 குதிரைத்திறனாக, அதாவது முதல் வடிவத்தைப் போல் இருமடங்குக்குச் சற்று மேலாக உயர்ந்தது. விட்டமும் வீச்சும் அப்படியே இருந்தன.

அறியப்பட்ட குறைபாடுகள்

12 வால்வுப் பொறிகளின் பெயர்பெற்ற குறைபாடு ஒரு சிறு எஃகு முளையே. பற்சக்கரக் கூட்டைப் பொறியின் உடலோடு நேர்ப்படுத்தும் இம்முளை, நாளடைவில் அதிர்வால் தளர்ந்து வெளியேறக்கூடும். அது பற்சக்கரங்களுக்கிடையே விழுந்தால் கூடு உடையும். பொறியே வீணாகவும் கூடும். இதனால் உரிமையாளர்களிடையே இதற்குக் கொலைகார முளை என்ற பெயர் உண்டு. முளையின் மேல் ஒரு சிறு தகட்டைப் போல்ட்டால் பொருத்துவதே இதற்குத் தீர்வு. தகட்டின் விலை அற்பமானது. அதனைப் பொருத்துவதற்காகப் பொறியின் முன்பகுதியைக் கழற்றுவதில்தான் உழைப்பு.

24 வால்வுப் பொறிகளின் தொடக்க ஆண்டுகளில், 53 என்ற எண் பொறித்த வார்ப்புகளில் குளிர்நீர் அறையின் சுவர் நீளவாக்கில் விரிசலடைந்தது. சுவர் போதிய தடிமனின்றி வார்க்கப்பட்டதே காரணம் எனக் கூறப்படுகிறது. பழைய வண்டி வாங்குவோர் இன்றும் முதலில் அந்த எண்ணையே தேடிப் பார்க்கின்றனர்.

நீடித்துழைப்பும் நம்பகத்தன்மையும்

நீடித்துழைப்பு என்பது பெரும்பழுதுபார்ப்பு தேவைப்படும் வரை பொறி உழைக்கும் காலம். நம்பகத்தன்மை என்பது அக்காலத்திற்குள் வண்டி வழியில் நின்றுவிடாமல் இருக்கும் தன்மை. விபி44 பம்பு கொண்ட பொறியின் பிஸ்டன்களும் பேரிங்குகளும் பல இலட்சம் கிலோமீட்டர் உழைக்கக்கூடியவை; ஆயினும் அப்பம்பு ஒன்றினாலேயே வண்டி இழுவை வண்டியில் வீடு திரும்ப நேரிடும். முதற்பண்பைக் காட்டி இரண்டாவதை நிறுவ முயல்வதே இவ்விவாதத்தின் பொதுப் பிழை.

பொறியியலாளர்கள் தனி வண்டிகளின் கதைகளை அன்றி, பி10, பி50 போன்ற அளவுகளையே பயன்படுத்துகின்றனர். ஒரு வகைப் பொறிகளில் 10 விழுக்காடு பழுதடைந்துவிடும் காலம் பி10. பாதி பழுதடைந்துவிடும் காலம் பி50. பத்து இலட்சம் மைல் ஓடிய ஒரு வண்டி செய்தியாகிறது. இடையில் நின்றுபோனவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுவதால் கணக்கில் வருவதில்லை. மேலும், மிக அதிகத் தொலைவு ஓடியவை பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இழுவைச் சரக்கு ஏற்றிச் சென்றவை. ஒருமுறை சூடேறிய பொறி நாள் முழுவதும் சீராக ஓடுவதால் தேய்மானம் குறைவு. குளிர்நிலையில் அடிக்கடி தொடங்கிச் சிறு தொலைவே ஓடும் வண்டியுடன் அதனைத் தொலைவை மட்டும் வைத்து ஒப்பிட இயலாது.

1990களின் டாட்ஜ் வண்டியில் பொறிக்கு முன்பே தானியங்கிப் பல்லிணைப் பெட்டி பழுதடைவது வழக்கமாக இருந்ததும் இங்கு நினைவுகூரத் தக்கது.

பிற பொறிகள்

ஃபோர்டு பிக்கப்புகளில் 1994 முதல் 2003 வரை பொருத்தப்பட்ட நேவிஸ்டார் நிறுவனத்தின் 7.3 லிட்டர் வி-8 டீசல் பொறியே இதன் நேரடிப் போட்டியாளர். அதன் எரிபொருள் தெளிப்பான்கள் உயரழுத்தப் பொறி எண்ணெயால் இயக்கப்படுகின்றன. அப்பொறியும் நீண்ட காலம் உழைப்பது. ஆனால் கேம் தண்டின் நிலையை உணரும் சிறு உணரி பழுதானால் ஓட்டத்திலேயே நின்றுவிடும். அதனைச் சில நிமிடங்களில் மாற்றலாம் என்பதால் பலர் மாற்று உணரி ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பர். அதன் வழிவந்த 6.0 லிட்டர் பொறி கடும் குறைபாடுகளுக்கு உள்ளாகி, ஃபோர்டு, நேவிஸ்டார் நிறுவனங்களிடையே 2007இல் வழக்காகவே முடிந்தது. 2009இல் இரு தரப்பும் உடன்பாடு கண்டன.

பெட்ரோல் பொறிகளுள் 1965 முதல் 1996 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்டின் 4.9 லிட்டர் பொறி குறிப்பிடத்தக்கது. அதிலும் ஒரே வரிசையில் ஆறு உருளைகள், ஏழு முதன்மைப் பேரிங்குகள், பற்சக்கரத்தால் சுழலும் கேம் தண்டு. டீசல் என்பதைவிட இவ்வமைப்பே முதன்மைக் காரணம் என வாதிடுவோருக்கு இது வலுவான சான்று. டொயோட்டாவின் 2.4 லிட்டர் 22ஆர் பொறிக்கும் பெரும்புகழ் உண்டு. எனினும் 1980களின் நடுவே வந்தவற்றில் சங்கிலியின் நெகிழி வழிகாட்டிகள் உடைந்து, சங்கிலி மூடியை அரித்துக் குளிர்நீரை எண்ணெயில் கலந்துவிடுவதுண்டு.

இந்தியாவில்

டாட்டா நிறுவனமும் கம்மின்ஸும் இணைந்து 1993இல் டாட்டா கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஜம்சேத்பூரிலுள்ள அதன் ஆலையில் தயாரான பி வரிசைப் பொறிகள் டாட்டா லாரிகள் பலவற்றில் பொருத்தப்பட்டன. அமெரிக்காவில் பிக்கப்பை இழுத்த பொறிக் குடும்பம் இந்தியாவில் முழு அளவு லாரியை இழுத்தது.

6.7 லிட்டர் வடிவம்

2007இன் நடுவில் 5.9 லிட்டர் பொறிக்கு மாற்றாக, 107 மிமீ விட்டமும் 124 மிமீ வீச்சும் கொண்ட 6.7 லிட்டர் பொறி வந்தது. புகைத்துகள் வடிகட்டி முதலிய மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இதில் சேர்ந்தன. இவ்வகைப் பொறிகளின் மாசுக் கட்டுப்பாட்டைத் தவிர்க்கும் மென்பொருள் தொடர்பான வழக்கில் 167.5 கோடி டாலர் தண்டம் செலுத்த கம்மின்ஸ் 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2013 முதலான ராம் வண்டிகள் இதில் அடங்கும். 2019இல் உயரழுத்தப் பம்பும் மாற்றப்பட்டு, சிபி4 என்னும் வகை வந்தது. அப்பம்புகள் பழுதடைந்ததால் 2021ஆம் ஆண்டு மாதிரியில் முந்தைய சிபி3 பம்பே மீண்டும் பொருத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் வண்டிகள் பம்பை மாற்றித் தருவதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.