பட்டைக்குறியும் ஈற்றிலக்கமும்

இறுப்பிட்டி புங்குடுதீவிலுள்ள ஓர் ஊர். அத்தீவினர் சென்ற நூற்றாண்டிலே தென்னிலங்கைப் பட்டினங்கள் பலவற்றிற் கடை நடத்தியமை யாவரும் அறிந்ததே. சரக்கை இன்னதென அடையாளங் கண்டு கணக்கெழுதுதல் தீவகத்துக்குப் புதியதன்று. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, உடைந்த மரக்கலத்தின் சரக்கிற் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் என விதிக்கின்றது. யானை, குதிரை கொணர்ந்த கலமாயின் பண்டாரத்துக்கு நாலிலொன்றே. பொருள் எவருடையது, எத்துணையது என்பது துணியப்படாவிடின் அவ்விதி செல்லுமாறில்லை.

அவ்வடையாளத்தை இயந்திரம் படிக்கும் வரிகளாக்கியவர் அமெரிக்கராகிய யோசேப்பு வூட்லண்ட். மோர்சுத் தந்திக் குறியின் புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டினால் ஒடுங்கியும் அகன்றும் பட்டைகள் தோன்றும் என்பதை, 1949இல் மயாமிக் கடற்கரை மணலில் விரலால் இழுத்துக் கண்டார். பேனாட் சில்வரோடு பெற்ற காப்புரிமை 1952இல் வழங்கப்பட்டது. எனினும் 1974 யூன் 26ஆம் நாளிலேதான் ஒகையோ மாநிலத்து ட்ரோய் நகர்க் கடையிற் சூயிங்கம் பொதியொன்று இன்றைய பட்டைக்குறியால் முதன்முதல் விற்கப்பட்டது. மலிவான கணினியும் லேசர்க் கதிரும் வருமளவும் அந்த எண்ணம் காத்திருந்தது போலும்.

2007 முதல் நூலெண் 13 இலக்கமாயிற்று. 978க்குப் பின்வரும் 955, 624 என்பன இலங்கைக்குரியன. முதற் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்றாலும் மூன்றாலும் மாறிமாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எத்துணை குறைகின்றதோ அதுவே ஈற்றிலக்கம். ஓரிலக்கம் பிழைப்பின் அது காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்து நின்ற 2உம் 7உம் இடம்மாறினால் ஏமாறும். ஐந்து வேறுபாடுடைய பிற இணைகளுக்கும் இஃதொக்கும்.

1990களின் தொடக்கத்திலே தீவக மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தனர். ஊர் பற்றிய நூல்கள் இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் எழுதப்படுகின்றன. அவற்றை நூலகங்களிலே தேடிக் காண்பார்க்கு அவ்வெண்ணே கைப்பிடி. கணினியில் நூலை ஆக்குவோர் பட்டைக்குறியைப் படமாக ஒட்டிவிடுவதுண்டு. எண் மாறினும் படம் மாறாது. மைக்ரோசொப்ற் வேட் 2013 முதல், எண்ணைக் கொடுத்தாற் குறியைத் தானே வரையும் புலம் அமைந்துள்ளது. மக்ரோ எனப்படும் கட்டளைத் தொடர் ஆவணத்திலுள்ள எண்ணை எடுத்து அப்புலத்திலிட்டுப் புதுப்பிக்கும்.

இங்கே ஒரு நுட்பமுண்டு. ஈற்றிலக்கத்தையும் மக்ரோவே கணித்து இடுமாயின், பிழைபட்ட பன்னிரண்டுக்கும் பொருந்திய ஈறு பிறந்துவிடும். கருவி ஐயமின்றிப் படிக்கும். நூலோ வேறொன்றன் எண்ணிலே புகும். ஆதலின் வழங்கப்பட்ட 13 இலக்கங்களையும் தட்டெழுதி, மக்ரோ கணித்த ஈற்றை அவற்றின் ஈற்றோடு ஒப்பிட்டு, ஒவ்வாவிடின் வரைய மறுக்குமாறு செய்தலே முறையாம்.