தாழ்வாரம் யாருக்குச் சொந்தம்?



சிங்கப்பூரில் குடியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "டீச்சர், வீட்டு வாசலில் துளசித் தொட்டி, செருப்பு அலமாரி, பையனுடைய சைக்கிள், இவ்வளவுதான் வைத்திருக்கிறோம். எடுக்கச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. துளசிக்கும் தீ விபத்துக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?" பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் இன்று அடுக்குமாடிவாசிகள்தானே.

இந்த வழக்கு அந்த ஊரில் 200 ஆண்டுப் பழையது. 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் வகுத்தபோது கடைவீடுகளைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்றார். ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட நடை ஒன்று விட வேண்டும், அது தெரு நெடுகத் தொடர்ந்து திறந்தே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். வெயிலிலும் மழையிலும் சனங்கள் அதன் வழியே போகலாம். அதற்கு ஐந்தடி நடை என்று பெயர் நிலைத்தது. மலாயில் காக்கி லீமா. லிட்டில் இந்தியாவில் பூக்கடை வாசலில் நடந்திருப்பீர்களே, அதுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த நடை இருந்த நிலம் வீட்டுக்காரருடையது, அதில் நடந்துபோகும் உரிமை ஊருடையது. ஒரே இடத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருந்தால் என்ன ஆகும் என்று நம் ஊர் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்கள் மூட்டைகளையும் பெட்டிகளையும் அங்கே அடுக்கினார்கள். நடக்கிறவர்கள் வண்டி ஓடும் தெருவில் இறங்கினார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி, தலைவர் ரோவெல் தலைமையில், நடைகளைக் காலிசெய்ய ஆட்களை அனுப்பியது. கடைகள் அடைக்கப்பட்டன, டிராம் வண்டிகள் மீது கல் பறந்தது. சரித்திரத்தில் இதற்கு 'வராந்தா கலவரம்' என்றே பெயர். கடைசியில் ஒரு சமரசம்: சாமான் வைத்துக்கொள், ஆனால் ஆள் நடக்க வழி விடு.

அப்போதைய பிரச்சினை பெரும்பாலும் நடக்கிறவர்களின் வசதிதான். தீ இந்தக் கதைக்குள் பெரிதாக வந்தது 1961இல்.

அந்த ஆண்டு மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் தீப்பிடித்தது. மரப்பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், இடையில் ஒடுங்கிய சந்துகள். இறந்தவர்கள் 4 பேர். வீடிழந்தவர்கள் சுமார் 16,000 பேர்! இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பகல் வேளை, தரையோடு தரையான வீடுகள், எந்தப் பக்கமும் ஓடலாம் என்பதால்தான் சாவு குறைந்தது என்று நான் நினைக்கிறேன். வீடிழந்தவர்களை முதலில் பள்ளிக்கூடங்களில்தான் தங்கவைத்தார்கள் (எந்த ஊரானாலும் ஆபத்தென்றால் பள்ளிக்கூடம்தான்).

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. லிம் கிம் சான் அதன் தலைவர். எரிந்த அதே நிலத்தில் விறுவிறுவென்று அடுக்குமாடிகள் எழுந்தன. இன்று சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள்.

ஓலை போய் கான்கிரீட் வந்தது. ஒரு வீட்டில் பற்றிய தீ இப்போது ஊரையே எரிக்காது. ஆனால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்ற வசதி போய்விட்டது. பத்தாவது மாடிக்காரருக்கு வழி ஒன்றுதான்: கதவைத் திறந்து தாழ்வாரம், தாழ்வாரத்திலிருந்து படிக்கட்டு. கோடி வீட்டுக்காரர் தம் உயிரைக் காத்துக்கொள்ள அண்டை வீட்டு வாசல்களைக் கடந்தே போக வேண்டும். கட்டடத் தீயில் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. புகையில் கண் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு தவழ்ந்து வரும் பாட்டியின் கைக்கு முதலில் அகப்படுவது உங்கள் பையனின் சைக்கிள்தான். எதிர்த்திசையில் முதுகில் காற்று உருளையும் கையில் குழாயுமாகத் தீயணைப்பு வீரர்கள் வருவார்கள். ஸ்ட்ரெச்சரும் அதே வழியில்தான் திரும்ப வேண்டும்.

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதி இதுதான்: பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். எரியக்கூடிய பழைய சாமான்களைக் குவிக்கக் கூடாது. படிக்கட்டை எதுவும் அடைத்து நிற்கக் கூடாது. 1888இன் சமரசமேதான், இப்போது சென்டிமீட்டர் கணக்கில்.

எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. ஒரு பொருளும் கூடாது என்று அடித்துச் சொல்லிவிடுவது அதிகாரிகளுக்கு எளிது. ஆனால் அந்தத் தாழ்வாரம் கம்பத்து வீட்டு முற்றத்துக்கு மாற்றாக வந்தது. நம்மவர்களுக்குத் திண்ணை மாதிரி. அங்கே கோலம் உண்டு, தீபாவளி விளக்கு உண்டு, பக்கத்து வீட்டு மலாய் அக்காவோடு பேச்சு உண்டு. அதைத் துடைத்துவிட்டால் மூடிய கதவுகள்தான் மிஞ்சும். புகை சூழ்ந்த நேரத்தில் கதவைத் தட்டி எழுப்ப, பழகிய அண்டை வீட்டார் வேண்டாமா?

சரி, நோட்டீஸுக்கு வருவோம். கணக்கு ஒன்று போடுங்கள், பழைய வகுப்பு மாதிரி. தாழ்வாரத்தின் அகலம் 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செருப்பு அலமாரி 35. மீதி 115, விதிக்கு 5 குறைவு. துளசித் தொட்டி 25 என்றால் மீதி 125, தப்பித்தது. சைக்கிளின் கைப்பிடி 60, பேச்சுக்கே இடமில்லை. அலமாரியும் தொட்டியும் எதிரெதிர்ச் சுவரில் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கழிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். துளசி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம் தம்பி, அளந்து பார்த்து அவர்களிடம் பேசுங்கள். சைக்கிளை இன்றைக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். அதில் பாட்டரி உள்ள வகையாக இருந்தால், இரவில் எல்லோரும் தூங்கும்போது சார்ஜில் போட்டுவைக்க வேண்டாம்.

சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடியில் இருக்கும் பிள்ளைகளும் உங்கள் தாழ்வாரத்தை டேப் வைத்து அளந்து கமெண்டில் எழுதுங்கள். சுவருக்குச் சுவர் அளவு வேண்டாம், சாமான் போக மீதி எவ்வளவு என்று மட்டும்.