ஊற்றுகள் பேசிக்கொள்வதில்லை

'அ ஒரு வேலையை 10 நாளிலும் ஆ 15 நாளிலும் முடித்தால், இருவரும் சேர்ந்து?' பத்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்று. கூட்டினால் ஆறில் ஒன்று. 6 நாள். பள்ளியில் யோசிக்காமலே சொல்வேன்.

இதே கணக்கு பழைய நூல்களில் தண்ணீராக ஓடுகிறது. சீனத்தின் 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' நூலில் ஐந்து வாய்க்கால்கள் ஒரு குளத்தை நிரப்புகின்றன. 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் நான்கு ஊற்றுகள். தனித்தனியே விட்டால் ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாளில் தொட்டி நிரம்பும். நான்கையும் திறந்துவிட்டால் ஒரு நாளில் 1+2+3+6, ஆக 12 தொட்டி. ஒரு தொட்டிக்கு 5 நாழிகை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் எங்கள் ப்ராஜெக்ட் தாமதமானது. மேலாளர் இதே கணக்கைத்தான் போட்டார்: "5 பேருக்கு 4 மாசம்னா, 10 பேருக்கு 2 மாசம்." புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே எங்கள் நாட்கள் போயின. 5 மாசம் ஆச்சு. என் வேகம்தான் போதவில்லை என்று பல ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

ஐபிஎம்மில் ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் 'த மித்திக்கல் மேன்-மந்த்' நூலில் இதை விளக்கியிருப்பதைப் பிறகுதான் படித்தேன். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும். 5 பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் பேச 10 ஜோடி. 10 பேர் என்றால் 45. ஓர் ஊற்று இன்னோர் ஊற்றிடம் "எதுவரைக்கும் முடிச்சிருக்கே?" என்று கேட்பதில்லை.

இப்போது "இன்னும் எத்தனை பேர் வேணும்?" என்று யாராவது கேட்டால், யாரையும் கேட்காமல் தனியாகச் செய்யக்கூடிய பகுதி எது என்றுதான் முதலில் தேடுகிறேன்.