நம்பர் பிளேட் இல்லாத வண்டி

வியட்நாமில் 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் சீன மோட்டார் சைக்கிள்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ஹோண்டா வண்டியின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தாக்குப்பிடிக்க ஹோண்டாவே சீன உதிரிபாகங்களைச் சேர்த்து, 2002-ல் வேவ் ஆல்ஃபா என்ற மலிவு வண்டியை அங்கே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த அலைக்கு இடமே இருக்கவில்லை. 1980-லேயே ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்துவிட்டது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, பிறகு ஸ்பிளெண்டர். ஸ்பிளெண்டருக்குக் கிளட்ச் பிளேட் எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும்போது, பேர் தெரியாத பெட்ரோல் வண்டியை யார் வாங்குவார்கள்? சீனாவின் மலிவு இருசக்கர வண்டி திருத்தணிக்குப் பெட்ரோல் டேங்க் இல்லாமல்தான் வந்து சேர்ந்தது, பேட்டரி ஸ்கூட்டராக.

என் அத்தை அம்மையார்குப்பத்துப் புடவைகளை வாங்கி, வீடு வீடாகத் தவணைக்கு விற்பவர். லைசென்ஸ் கிடையாது, எடுக்கவும் பயம். அவருக்கென்றே எழுதியதுபோல மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஓர் இடம் இருக்கிறது. மோட்டார் 0.25 கிலோவாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. பதிவு வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அப்படி ஒரு வண்டியை அத்தை வாங்கினார். நகரிப் பக்கத்துக் கிராமங்களிலும் அத்தைக்கு வாடிக்கை உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர்தான். உறவும் வியாபாரமும் இன்னும் இரண்டு பக்கமும் போய்வருகின்றன. நம்பர் பிளேட்டே இல்லாத சிவப்பு வண்டியும் அவற்றோடு எல்லை தாண்டிப் போய்வந்தது.

வண்டியின் மேல் ஒட்டியிருந்தது இந்தியப் பெயர். சீட்டைத் தூக்கினால் கன்ட்ரோலர் பெட்டியிலும், சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப் மோட்டாரிலும் சீன எழுத்து. சீனாவில் இவ்வகை வண்டிகளும் பாகங்களும் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும் ஊர்கள் உண்டு: ஜியாங்சு மாகாணத்து வூஷி, ஜெஜியாங் மாகாணத்து தைஜோ, வடக்கே தியான்ஜின். மோட்டார் ஒரு பட்டறை, கன்ட்ரோலர் இன்னொரு பட்டறை, பிளாஸ்டிக் வேறொரு பட்டறை. பிரித்த பாகங்களாகக் கன்டெய்னரில் வந்து, இங்கே முறுக்கி, ஸ்டிக்கர் ஒட்டி ஷோரூமுக்குப் போனவை ஏராளம். லெட் ஆசிட் பேட்டரி வண்டிகளுக்கான மானியம் 2018 அக்டோபரில் நின்றது. 2019-ல் வந்த, மின்வண்டிகளுக்கான மத்திய அரசின் இரண்டாம் ஃபேம் மானியத் திட்டமும் குறைவேக வண்டிகளைக் கைவிட்டது. சின்ன டீலர்கள் பலர் கடையைக் கட்டினார்கள். அத்தைக்கு விற்றவரும் அவர்களில் ஒருவர். இரண்டாவது சர்வீஸுக்குப் போனபோது ஷட்டரில் 'கடை வாடகைக்கு' என்று எழுதியிருந்தது.

திருத்தணி இந்த வண்டிக்குக் கடுமையான ஊர். தமிழ்நாட்டில் அதிக வெயில் பதிவாகும் இடங்களின் பட்டியலில் கோடைதோறும் இந்த ஊர் பெயர் வரும். போதாததற்கு மலை. முருகன் கோயிலுக்கு 365 படிகளும் உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. பேத்தியைப் பின்னால் வைத்துக்கொண்டு அத்தை அந்தப் பாதையில் ஏறுவார். இந்த ஹப் மோட்டாருக்குக் கியர் கிடையாது. ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற மோட்டார் கரன்ட்டை உறிஞ்சிக்கொண்டே போகும். அந்தக் கரன்ட் முழுவதும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்சுகள் வழியாகத்தான் போக வேண்டும். சீட்டுக்கு அடியில் காற்றுப் புகாத இடம், வெளியே கத்திரி வெயில். பாதி மலையில் வண்டி நின்றது.

தள்ளினாலும் சக்கரம் சுலபமாக உருளவில்லை. பிரேக் பிடித்த மாதிரி இறுகிக் கிடந்த வண்டியைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனோம்.

"எந்தக் கம்பெனின்னு பில்லு இருக்கு தம்பி, எடுத்தாரவா?" என்றார் அத்தை.

"கம்பெனி பேரு வேணாங்க்கா. எத்தினி பேட்டரி, அத்த சொல்லுங்க."

நான்கு. அப்படியானால் 48 வோல்ட். சென்டர் ஸ்டாண்டைப் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார், இறுக்கம். மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் மஞ்சள், பச்சை, நீலம் மூன்று தடித்த ஒயர்களையும் பிடுங்கிவிட்டு மறுபடி சுற்றினார். சக்கரம் சரசரவென்று ஓடியது. "மோட்டார் நல்லாக்கீதுக்கா. கன்ட்ரோலர்தான் பூட்ச்சு." மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் மோட்டாரின் சுற்றுகள் ஒன்றோடொன்று இணைந்துவிடும், சக்கரம் தன் காந்தத்தாலேயே தன்னைப் பிடித்துக்கொள்ளும். கருவி எதுவும் வைக்காமல் ஒரு நிமிடத்தில் முடிந்த பரிசோதனை இது.

பிறகு பெட்டியின் மேல் இருந்த ஸ்டிக்கரைத் துடைத்துப் படித்தார்: 48 வோல்ட், 250 வாட், 42 வோல்ட்டில் கட் ஆகும், சென்சார் கோணம் 120 டிகிரி. இந்த நான்கு எண்களும் பொருந்தினால் போதும், எந்தக் கன்ட்ரோலரும் உட்காரும். வட இந்தியாவில் இ-ரிக்‌ஷா பெருகியதால் இவ்வகைப் பாகங்களுக்கு டெல்லியில் பெரிய மொத்தச் சந்தை இருக்கிறது. அங்கிருந்து பார்சலில் வந்தது புதுப் பெட்டி. ஒயர்களின் நிறம் மாறியிருந்தது. மூன்று தடித்த ஒயர், மூன்று சென்சார் ஒயர், மாற்றி மாற்றிச் சேர்த்தால் 36 விதம். ஒவ்வொன்றாகப் பார்க்கத் தேவையில்லாமல், புதுக் கன்ட்ரோலரில் இரண்டு வெள்ளை ஒயர்கள் வருகின்றன. அவற்றை இணைத்துச் சாவியைத் திருப்பினால் கன்ட்ரோலர் தானே மோட்டாரைச் சுழற்றிப் படித்துக்கொள்ளும். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. வெள்ளை ஒயரைப் பிரித்து மறுபடி இணைத்தார், முன்பக்கமாகச் சுற்றியது. பிரித்து டேப் சுற்றிவிட்டார். வேலை முடிந்தது.

அடுத்து வந்தது வடகிழக்குப் பருவமழை. மோட்டாருக்குள் தண்ணீர் போய் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. மூன்று கால்களுடன் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய ஹால் சென்சார் ஒன்று செத்திருந்தது. அதற்குச் சென்னைதான். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. உள்ளிருக்கும் மூன்று சென்சார்களில் ஒன்று போனாலும் மூன்றையும் மாற்றுவதுதான் மெக்கானிக்கின் வழக்கம். மோட்டாரைத் திறந்து மூடுவது அவ்வளவு பாடு. காந்த வளையம் உள்ளிருக்கும் சுற்றைப் பிடித்து இழுக்கும்போது விரல் சிக்கினால் நசுங்கிவிடும். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது இந்தியாவின் பெரிய மின்வண்டி நிறுவனங்களே திணறின. எங்கள் மெக்கானிக் பழைய ஹப் மோட்டார் எதையும் எடைக்குப் போடுவதில்லை.

அதே பயணத்தில் பேரிங்கும் வாங்கியாயிற்று. 6202 என்று கேட்டால் எந்த ஊரிலும் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர்தான். கம்பெனி மூடினாலும் அந்த எண் மூடாது. டயரும் அப்படித்தான், அளவு சொன்னால் போதும். இந்த வண்டியின் வரலாற்றைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: பெயரில்லாத பாகங்கள் எங்கும் கிடைக்கின்றன; வண்டிக்கு முகமாக இருக்கும் பாகங்கள்தான் முதலில் அநாதையாகின்றன. முன் மாஸ்க், பக்க பேனல், இண்டிகேட்டர் கண்ணாடி, இவை எதற்கும் எண் கிடையாது. சென்னையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் புதுப்பேட்டையில் தேடினாலும், இதே மாடல் வண்டி ஒன்று உடைப்புக்கு வந்திருந்தால்தான் உண்டு. விரிசல் விட்ட மாஸ்க்கை மெக்கானிக் சால்டரிங் அயர்னால் சூடாக்கி, ஸ்டேப்ளர் பின்களை உள்ளே அழுத்தித் தைத்திருக்கிறார். பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய தளத்தில் வாகனங்களும் அடக்கம். ஆனால் பதில் சொல்ல நிறுவனமே இல்லாத வண்டியைப் பற்றி யாரிடம் கேட்பது? குறைந்தபட்சம் ஒயரிங் படம் ஒன்றை விற்கும்போதே வண்டியோடு கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தலாம். ஒரே ஒரு தாள்தான்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் மெக்கானிக் எதற்கும் இறங்கிவருவதில்லை. நான்கில் ஒன்று சோர்ந்தால் மற்ற மூன்றையும் அது இழுத்துக்கொண்டு போகும், மாற்றினால் நான்கும். லித்தியம் பேக் ஒன்றை மலிவாகத் தருவதாக ஒருவர் அத்தையிடம் சொல்லியிருந்தார். பழைய சார்ஜரே போதும் என்றும் சொன்னாராம். மெக்கானிக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த லெட் ஆசிட் சார்ஜர் 58 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். 13 செல் லித்தியம் பேக் 54.6 வோல்ட்டிலேயே நிரம்பிவிடும். நடுவில் இருக்கும் காவல் பலகை மலிவானதாக இருந்தால் மிச்சம் முழுவதும் நெருப்பு. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த புது மின்வண்டி எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அத்தை மறுபடி லெட் ஆசிட்டே போட்டுக்கொண்டார். பழைய நான்கையும் பேட்டரிக் கடைக்காரர் எடை போட்டுக் கழித்துக்கொண்டார். அந்த ஈயம் உருகி வேறொரு பேட்டரியாகப் போகும்.

போன மாதம் மாடு குறுக்கே வந்து, இடது பக்க பேனல் தைக்கவே முடியாதபடி உடைந்தது. மெக்கானிக் படம் எடுத்து, தெரிந்த பட்டறைகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுநாள் புத்தூரிலிருந்து தெலுங்கில் பதில் வந்தது: பேனல் இருக்கிறது, ஆனால் நீலம்.

"செவப்பு கெடைக்குமானு இன்னும் ரெண்டு எடத்துல கேக்கட்டாக்கா?"

"கலர் இன்னா கலர் தம்பி, எட்தாரச் சொல்லு. வெள்ளிக்கெழம கலெக்‌ஷனுக்குப் போவணும்."