மளிகைக் கடைக்குப் பின்னே ஒரு பள்ளி

முதியோர் பள்ளி தொடங்குவது எளிது. தொடங்கிய வகுப்பில் மூன்றாம் வாரமும் ஆள் இருக்கச் செய்வதுதான் அரிது. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் வராமற் போனால், அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். குறை மாணவரிடமா, பாடத்திலா என்று கேட்டுப் பார்த்த ஒரு பள்ளியின் வரலாற்றை இன்று காண்போம், நேயர்களே.

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகருக்கு அருகில் ஜான்ஸ் தீவு இருக்கிறது. 1950ஆம் ஆண்டுகளில் அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களிற் பலர் வயலில் உழைத்தவர்கள், எழுத்தறியாதவர்கள். வாக்காளராகப் பதிய வேண்டுமானால், மாநில அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. கைநாட்டுப் பேர்வழிக்கு வாக்குரிமை ஏது?

ஏசா ஜென்கின்ஸ் என்பவர் தீவு மக்களைத் தம் பஸ்ஸில் நகருக்கு வேலைக்கு ஏற்றிச் செல்வார். வழியிலேயே அந்தச் சட்டப் பகுதியைச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் காதால் கேட்டு மனப்பாடம் செய்வது படிப்பாகுமா? ஒரு பள்ளி வேண்டும் என்று அவர் டென்னசியிலிருந்த ஹைலாண்டர் பள்ளியின் உதவியை நாடினார். அங்கே செப்டிமா கிளார்க் பணியாற்றினார். நாற்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதற்காக 1956இல் சார்ல்ஸ்டனில் வேலையை இழந்தவர்.

தீவில் முன்பும் முதியோர் வகுப்புகள் நடந்ததுண்டு. நிலைக்கவில்லை. காரணத்தை விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. வளர்ந்த ஆண்களையும் பெண்களையும் சிறுபிள்ளைகளின் மேசையில் உட்கார வைத்து, சிறுபிள்ளைகளின் புத்தகத்தையே கையில் கொடுத்திருந்தார்கள். காலை மடக்கவும் இடமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். யார்தான் மறுபடி வருவார்?

ஆகவே, பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்றே முடிவு செய்தார்கள். கேட்க வியப்பாக இருக்கும். ஆசிரியப் பெருமக்கள் நம்மைப் பொறுத்தருள்க. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன். சொந்தமாகச் சிகையலங்கார நிலையம் நடத்தியவர். அவரை வேலையை விட்டு நீக்க எந்த முதலாளியும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

1957 ஜனவரி 7ஆம் தேதி இரவு, கூட்டுறவு மளிகைக் கடையின் பின்னறையில் 14 பேர் கூடினர். ராபின்சன் கையோடு கொண்டுவந்ததும் தொடக்கப்பள்ளிப் பாடங்கள்தாம். பார்த்தவுடனே அவை உதவா என்று ஒதுக்கிவிட்டார். உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று அவர்களையே கேட்டார். பெயரெழுத வேண்டும், விவிலியம் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், பதிவு அலுவலகத்தில் சட்டத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டமாயிற்று. அட்டையில் எழுதிய பெயரின்மீதே பென்சிலை மறுபடி மறுபடி ஓட்டிக் கை பழகினார்கள். கலப்பை பிடித்த கைக்குப் பென்சில் தாங்காது, ஒடிந்துபோகும் என்று கிளார்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சுவரில் ஐக்கிய நாட்டுச் சபையின் மனித உரிமைப் பிரகடனம் தொங்கியது. வகுப்பு முடிவதற்குள் அதைப் படித்துவிட வேண்டும் என்பது ராபின்சன் வைத்த இலக்கு.

ஒரு நாள் கரும்பலகையில் எல்லார் பெயரையும் எழுதி, அவரவர் பெயரைக் காட்டச் சொன்னார். அறுபதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் எழுந்து, கோலால் தம் பெயரின் இரண்டு பகுதிகளையும் தனித்தனியே தொட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார். ராபின்சனுக்கு மெய் சிலிர்த்துவிட்டது.

அவ்வகுப்பில் படித்தவர்களிற் பலர் வாக்காளராகப் பதிவு பெற்றனர். இதைக் கேட்டு அண்டைத் தீவுகளான வாட்மலாவும் எடிஸ்டோவும் தங்களுக்கும் வகுப்பு வேண்டும் என்றன. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கம் இப்பணியை ஏற்றது. அக்கம்பக்கத்துச் சாதாரண மக்களே பயிற்சி பெற்றுத் தத்தம் ஊரில் ஆசிரியராயினர். படித்துக் காட்டும் அந்தச் சோதனையை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் நிறுத்திவைத்தது.

கிளார்க் 1975இல் சார்ல்ஸ்டன் வட்டாரத்தின் பள்ளி வாரியத்திற்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிறுத்தப்பட்ட ஓய்வூதியமும் மறு ஆண்டில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.