வாயற்றோருக்கு வழக்குரைப்பார் யார்?

1882! சேலத்து வரலாற்றில் அழியா இடம் பெற்ற ஆண்டு. அவ்வாண்டில் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் ஒரு வழக்கு பிறந்தது. அதே ஆண்டில் மலையின் மீது ஒரு சட்டம் ஏறியது. வழக்கின் கதையை ஏடுகள் எடுத்தியம்பின. சட்டத்தின் கதையைச் சொல்ல ஆளில்லை. ஏன்? முன்னதில் சிக்கியவர் சட்டம் கற்றவர். பின்னதில் சிக்கியவன் எழுத்தே அறியாதவன். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வழக்கறிஞர் எதற்கு, வழக்கறிஞர்களுக்குச் சங்கம் எதற்கு என்ற இரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்.

முதலில் வழக்கைப் பார்ப்போம். 1882 ஆகஸ்டில் சேலத்தில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. மசூதி ஒன்று தகர்க்கப்பட்டது. மதவெறி ஆடிய அந்தக் கூத்தை எவரும் போற்றார், நாமும் போற்றவில்லை. கலகத்தைத் தூண்டினார் என்று பிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் சே. விஜயராகவாச்சாரியார். அதற்கு முந்திய ஆண்டில்தான் அவர் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியிருந்தார். நகராட்சி மன்ற உறுப்பினராகவும் ஆகியிருந்தார். அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் அடங்கிவிடவில்லை. வழக்காடினார், விடுதலை பெற்றார். தம்மோடு தண்டிக்கப்பட்ட மற்றவர்களையும் விடுவிக்க வேண்டுமென்று ரிப்பன் பிரபுவின் அரசுக்கு முறையிட்டார். பறிபோன நகராட்சிப் பதவிக்காக இந்தியா மந்திரி மீதே வழக்குத் தொடுத்து, நூறு ரூபாய் நட்டஈடும் பெற்றார். பின்னாளில், 1920இல், நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

நூறு ரூபாய் பெரிதன்று. வெள்ளை வல்லரசை ஒரு தனிமனிதன் கூண்டில் நிறுத்தினான் என்பதே பெரிது. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவரிடம் பட்டம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சட்டம் இருந்தது, மேல்மன்றம் வரை செல்லும் வழி தெரிந்திருந்தது. இவை எதுவும் இல்லாதவன் அதே கூண்டில் நின்றிருந்தால்?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். அதே 1882இல் இயற்றப்பட்டது சென்னை வனச் சட்டம். மலையின் மீது வாழ்வோர் மலையாளி என்ற பெயர் பூண்ட பழங்குடி மக்கள். கேரளத்தார் அல்லர், தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து குடியேறியதாகக் கதை சொல்வோர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, துரைமார்கள் பெருகினர். அதன்பின் வந்த வனச் சட்டமோ, காப்புக்காடு என்று குறிக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றி விறகு வெட்டுவதையும், ஆடுமாடு மேய்ப்பதையும் குற்றமாக்கியது.

நேற்று வரை வாழ்க்கை. இன்று முதல் வழக்கு! நேற்று வரை அவன் காட்டின் மகன். இன்று முதல் காட்டின் கள்வன்! மலை அதே மலை. மரம் அதே மரம். மாறியது ஏட்டில் எழுதிய எழுத்து மட்டுமே. அந்த எழுத்தைப் படிக்க அவனுக்குத் தெரியாது. படித்தவர் பேசும் மொழியில் நடந்த மன்றத்தில் அவன் என்ன பேசியிருப்பான்? தலை குனிந்திருப்பான், கேட்ட காசைக் கட்டியிருப்பான், காசில்லையேல் சிறைக்குப் போயிருப்பான்.

குலத்துக்கேற்பத் தண்டனை வகுத்தது மனுநூல். அதை ஒதுக்கி, எல்லோருக்கும் ஒரே தண்டனைச் சட்டம் என்று 1860இல் எழுதினர். எழுத்தில் சமத்துவம் வந்தது, உண்மை. ஆனால் சட்டம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அதன் முன் நின்று பேசும் வாய் ஒருவனுக்கு இருந்து மற்றவனுக்கு இல்லையென்றால், ஒரே சட்டம் இருவேறு நீதியைத்தானே வழங்கும்?

இதை நமக்கு முன்பே உணர்த்திய நூல் சிலப்பதிகாரம். வகுப்பில் அக்காப்பியத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்க்கு நாம் ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுண்டு. பொற்கொல்லன் குற்றம் சாட்டினான், மன்னன் ஆராயாமல் ஆணையிட்டான், காவலர் வந்தனர். அவருள் ஒருவன், இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என ஐயுற்றான். ஆயினும் மற்றொருவனின் வாள் வீழ்ந்தது. கோவலன் ஒரு சொல்லும் சொல்ல வாய்ப்பில்லை. பிறகு வந்தாள் கண்ணகி. அவள் கொணர்ந்த சான்று என்ன? அரசியின் சிலம்பில் முத்து. என் சிலம்பில் மாணிக்கம். அவ்வளவே! சிலம்பின் உள்ளே இருப்பது என்ன என்ற ஒரே ஒரு கேள்வியை முதல்நாளே ஒருவர் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான், மன்னன் மாண்டிருக்கமாட்டான், மதுரை எரிந்திருக்காது. அக்காதைக்கு இளங்கோ காப்பியத்தில் அமைந்த பெயர் வழக்குரை காதை. உயிர் போனபின் உரைத்த வழக்கு அது. உயிர் போகுமுன் உரைப்பவரே எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

"குற்றவாளிக்குத் துணைபோவதா?" என்று சிலர் சீறுகின்றனர். குற்றவாளி என்று யார் முடிவு கட்டியது? நம் ஊர் மன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவனை 'எதிரி' என்றே அழைக்கின்றனர். ஒன்றாம் எதிரி, இரண்டாம் எதிரி! யாருக்கு எதிரி? தீர்ப்பு வருமுன்பே பெயரில் பகை வந்துவிடுகிறது. அந்தப் பகைக்கு நடுவே, "பொறுங்கள், சான்று எங்கே?" என்று கேட்க ஒரு குரல் வேண்டாமா?

குரலை மட்டுமன்று, மன்றத்தையே மூடிய சட்டமும் ஒன்று இருந்தது. மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்பர். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே பிறந்தது. 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஒரு குலத்தையே குற்றக் குலம் என அரசு அறிவிக்கலாம். அந்த அறிவிப்புச் செல்லுமா செல்லாதா என எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது! பிறப்பே குற்றம், தொட்டிலே கூண்டு! கள்ளர், மறவர், குறவர் எனப் பல்லாயிரவர் இதில் நசுங்கினர். 1920 ஏப்ரல் 3 அன்று, இச்சட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக்கு இரையாயினர்.

அந்நாளில் மதுரையில் வழக்கறிஞராக இருந்தவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்த கிறித்தவர். கள்ளர் குலத்தார்க்கும் அவருக்கும் உறவுமில்லை, ஊருமில்லை. ஆயினும் அம்மக்களுக்காகக் கூலி கருதாமல் வாதாடினார், எழுதினார். அவர்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் ஒழிந்தது.

ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ரோசாப்பூ துரை கிடைப்பாரா? நல்லவர் ஒருவரின் இரக்கத்தை நம்பி நீதி நிற்கலாமா? இங்கேதான் உரிமை என்ற சொல் வந்து சேர்கிறது.

குடியரசு மலர்ந்தது. விரும்பும் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு வழங்கியது. ஆனால் 1951இல் தாராசிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது என்ன? அமர்த்திக்கொள்ள வாய்ப்பளிப்பதே கடமை. அமர்த்திக் கொடுப்பது அரசின் கடமையன்று. பசித்தவனிடம், "உண்ண உனக்குத் தடையில்லை" என்று சொன்னது போலாயிற்று!

அந்த நிலை படிப்படியாகவே மாறியது. செஷன்ஸ் வழக்குகளில் வசதியற்றோர்க்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் என்று 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. 1976இல் இலவசச் சட்ட உதவி அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது. 1979இல், பீகார்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றி வாடியோரின் வழக்கில், அது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது உச்சநீதிமன்றம். 1986இல் சுக்தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி ஏறியது. "உனக்கு இலவச வழக்கறிஞர் உண்டு" என்று எளியவனுக்குச் சொல்லாமலே நடத்திய விசாரணையின் தண்டனையை அது தள்ளியது. கேட்டால் தருவோம் என்பது சலுகை. கேளாதவனுக்கும் சொல்லித் தருவதே உரிமை!

1987இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், சிறார், காவலில் இருப்போர் ஆகியோர்க்கு வருமானக் கணக்குப் பாராமல் வழக்கறிஞர் அளிக்க அது வழிசெய்கிறது. 1882இல் வாயடைத்து நின்ற மலைமகனின் பேரனுக்குச் சட்டம் இன்று ஒரு வாயைத் தந்திருக்கிறது. 2022 முதல், எதிர்த்தரப்புக்காகவே முழுநேரமும் பணியாற்றும் வழக்கறிஞர்களை மாவட்ட நீதிமன்றங்களில் அமர்த்தும் திட்டமும் வந்துள்ளது.

அப்படியானால் வழக்கறிஞர் சங்கங்களுக்கு வேலை முடிந்ததா? இல்லை. சட்டம் திறந்த கதவைச் சங்கமே சாத்தக் கூடும் என்பதை நம் கொங்குநாடே காட்டிற்று. கோவையில் வழக்கறிஞர்களுக்கும் காவல்துறையினர்க்கும் மோதல் மூண்டது. குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களுக்காக எவரும் வாதாடக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வகைத் தீர்மானங்கள் அனைத்தும் செல்லா என்று அறிவித்தது. அரசியல் சட்டத்துக்கும் தொழில்நெறிக்கும் அவை முரண் என்றது. தாமஸ் பெயினுக்காக வாதாடிய எர்ஸ்கினை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மனித உரிமை பற்றி எழுதியதற்காக 1792இல் இங்கிலாந்து அரசு பெயின் மீது வழக்குத் தொடுத்தபோது, வாதாடினால் பதவி போகும் என்று எர்ஸ்கின் எச்சரிக்கப்பட்டார். அவர் வாதாடினார், பதவி போயிற்று, புகழ் நிலைத்தது.

கோவைத் தீர்ப்பின் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். அன்று வழக்கறிஞரின்றி நிற்க இருந்தவர் ஏழையல்லர், பழங்குடியினரல்லர். லத்தி ஏந்திய காவலர். இன்று லத்தியோடு நிற்பவன் நாளை கூண்டில் நிற்கக்கூடும். எனவே இந்த உரிமை நமக்குப் பிடித்தவர்க்கு மட்டும் என்றால் எவருக்கும் இல்லாமற் போகும்.

அமெரிக்காவில் 1958இல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் தமக்கெனத் தேசியச் சங்கம் கண்டனர். இளம் வழக்கறிஞர்களைப் பயிற்றுவதும், முகமறியாதோரின் மேல்முறையீடுகளில் நீதிமன்றத்துக்குக் கருத்துரை வழங்குவதும் அதன் பணிகள். 1963இல் கிடியன் என்ற ஏழையின் வழக்கு அந்நாட்டையே உலுக்கியது. வழக்கறிஞரின்றித் தண்டிக்கப்பட்ட அவர், சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவால் உச்சநீதிமன்றத்தின் கதவைத் திறந்தார். மறுவிசாரணையில் வழக்கறிஞர் ஒருவர் உடன்நின்றார். சாட்சியம் குறுக்கு விசாரணைக்கு உள்ளானது, கிடியன் விடுதலையானார். மனிதர் அவரே, வழக்கும் அதுவே, கூட நின்ற ஒரு குரலே வேற்றுமை!

சங்கம் என்றால் தொழிலுக்கு மதில் என்று மட்டும் எண்ணற்க. நூலகமும் ஊதியமும் உறுப்பினர் மானமும் காக்கப்பட வேண்டியவையே. அவற்றோடு வேறு பணிகளும் உள. சிறைக்கூடத்துக்கு மாதந்தோறும் சென்று, வழக்கறிஞரற்றோர் எத்தனை பேர் எனக் கணக்கெடுக்கட்டும். மலையூர்களுக்கு ஏறிச்சென்று, "காசில்லாவிட்டாலும் உனக்காகப் பேச ஆள் உண்டு" எனத் தமிழில் சொல்லட்டும். இலவச வழக்கு என்றால் இளையவர் தலையில் கட்டாமல், மூத்தோரும் முறைவைத்து ஏற்கட்டும். ஊரே வெறுப்பவனின் கட்டு வந்தால் கதவைச் சாத்தாதிருக்கட்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. குற்றம் சாட்டப்படுவது வேறு, குற்றம் மெய்ப்பிக்கப்படுவது வேறு என்னும் பாடத்தைப் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்க வேண்டும். சிலம்பின் உள்ளே என்ன என்று முதல்நாளே கேட்கும் பழக்கம் நாட்டில் வேரூன்றினால், உயிர் போனபின் வழக்குரைக்கும் கண்ணகிகள் நமக்குத் தேவைப்படமாட்டார்கள்.